அம்மாவின் மெஷினில் மட்டும்

"என் மெஷின்ல ஓடுதே" என்று யாராவது சொன்னால் அம்மாவுக்குக் குமட்டும். இப்போது எனக்கும்.

அம்மா பெயர் துர்கா. லாஸ்பேட்டையில் சின்ன மென்பொருள் கம்பெனி ஒன்றில் டெஸ்டர். பால் கொள்முதல் நிலையங்களுக்கான புரோகிராமைச் சோதிக்க, தானாக ஓடும் சிறு நிரல்களாக, ஷெல் ஸ்கிரிப்ட்டில், டெஸ்ட்டுகளை எழுதினாள். எந்த மெஷினில் ஓட்டினாலும் ஒரே பதில் வர வேண்டும். அவள் பிடிவாதம் அது ஒன்றுதான்.

பாரீசில் படித்துவிட்டு வந்து அந்தப் புரோகிராமை எழுதிய கமலக்கண்ணன் ஒருநாள் சண்டைக்குப் போனாராம்.

"என்னா மேடம், ஒங்க டெஸ்ட்டு எல்லாமே ஃபெயில்னுது? என் மெஷின்ல புரோகிராம் நல்லா ஓடுதே."

"ஒங்க மெஷினு பிரெஞ்சு பேசுது சார். பால்ல கொழுப்பு நாலு புள்ளி அஞ்சுன்னு எழுதச் சொன்னா, புள்ளிக்குப் பதிலா கமா போடுது. வில்லியனூர் பால்காரரு பிரெஞ்சா படிச்சாரு?"

அன்றே ஒவ்வொரு டெஸ்ட்டின் தலையிலும் மொழியைக் கட்டிப்போடும் வரி சேர்ந்தது. பிறகு தேதி, நேரம். பிறகு ஒவ்வொன்றுக்கும் தனிக் காலி ஃபோல்டர். "டெஸ்ட்டு தன் சோத்தைத் தானே கட்டிக்கிட்டு வரணும். அடுத்தவங்க வூட்டுல கை நீட்டக் கூடாது" என்று எனக்கு டெஸ்ட் எழுதச் சொல்லிக்கொடுக்கும்போதும் சொல்வாள்.

மார்ச்சில் புற்றுநோய் அவளைக் கொண்டுபோனது. கருமாதி முடிந்ததும் அவள் பொருட்களை எடுக்கப் போனேன். மேனேஜர் தமிழ்மாறன் வடை தின்ற கையைப் பேன்ட்டில் துடைத்தார்.

"வாம்மா சரிதா. அம்மாவோட டெஸ்ட்டெல்லாம் தூக்கிடப் போறோம். ஒண்ணு எந்த மெஷின்லயும் ஓடல. அதால மொத்தமும் நிக்குது."

"அவங்க லேப்டாப்ப குடுங்க சார், பாக்கறேன்."

"அத ஃபார்மேட் பண்ணி புதுசா சேர்ந்தவங்களுக்குக் குடுத்தாச்சே. மாலை போட வந்தோம்ல, அன்னிக்கே."

அன்று சிதைகூட ஆறியிருக்காது. அந்த ஆளோடு ஒரே அறையில் மூச்சு விடவே அருவருப்பாக இருந்தது. ஆனால் அவள் வேலையைக் குப்பையில் போட விட முடியாது. "தூக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாக்கறேன்" என்றேன். கமலக்கண்ணன் தன் மெஷினைத் தந்தார்.

இவர்கள்தான் எதையோ கெடுத்திருப்பார்கள் என்று திறந்தேன். இல்லை. ஓடாமல் நின்றது அம்மா கடைசியாக எழுதிய டெஸ்ட். அது படிக்கும் மாதிரிக் கோப்பு டெஸ்ட்டோடு இல்லை. அவள் லேப்டாப்பில், அவள் பெயருள்ள ஃபோல்டரில் இருந்திருக்கிறது. கீமோவுக்கு நடுவில் எழுதியது. அம்மாவே கை நீட்டியிருந்தாள்.

"என்னம்மா, மெஷின் கோளாறா?" என்று தமிழ்மாறன் எட்டிப் பார்த்தார்.

"இல்ல சார். அம்மா தப்பு."

அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்கச் சகிக்கவில்லை.

எதிர்பார்க்கும் விடை டெஸ்ட்டிலேயே இருந்தது. அதற்குப் பொருந்தும் பால் அளவையும் கொழுப்பையும் உள்ளேயே எழுதினேன். அவள் பெயருள்ள வரியை அழித்தேன். கமலக்கண்ணனின் பிரெஞ்சு மெஷினில் ஓட்டினேன். பிறகு, அவளுடையதாக இருந்த லேப்டாப்பில். இரண்டிலும் ஒரே பதில்.

"அப்ப இருக்கட்டும்மா" என்றார் தமிழ்மாறன், போனைப் பார்த்தபடி.

அம்மாவின் மேசை டிராயரில் அவள் டிபன் பாக்ஸ் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் திறந்தேன். கடைசியாகக் கட்டிக்கொண்டு போன சோறு, பூஞ்சை பிடித்து. யாரும் கழுவி வைக்கவில்லை.