எம்பிய குதிகால்கள்

என் கொழுந்தியாளுக்குக் கம்பெனியில் அரைப்படி என்று பட்டப்பெயர். ஆள் குள்ளம், வாய் மட்டும் நாலு படி. நான் அதே கம்பெனியில் வெல்டர். ஏழாங்கிளாஸோடு சரி. கண்ணால் பார்த்ததை எழுத அது போதும்.

ஃபேன் மோட்டாருக்கு ஸ்க்ரூ முடுக்குவது அவள் வேலை. பதினொரு வருஷம் நின்றே செய்திருக்கிறாள். மணிக்கு அறுபது மோட்டார் முடிப்பவள், புது மேஜைகள் வந்த பிறகு நாற்பதைத் தாண்டவில்லை. தோள்பட்டை போச்சு. தலை சீவக் கை எழும்பாமல், அவள் அக்காதான், அதாவது என் பெண்டாட்டிதான், சீவிவிட்டாள். மேனேஜர் நோட்டீஸ் நீட்டினார். மாதக் கடைசிக்குள் அறுபது வராவிட்டால் சீட்டுக் கிழிந்துவிடும்.

பாலிடெக்னிக்கில் சனிக்கிழமைதோறும் தொழிலாளிகளுக்கு ஒரு வகுப்பு நடந்தது. ஆளுக்கு ஏற்றபடி வேலையை அமைப்பது எப்படி என்று. போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"வேலையே ஊசலாடுது, இதுல படிப்பு ஒரு கேடா?" என்றேன்.

"படிப்பு எங்க மாமா? அங்க பெட்டி தூக்க விடறாங்க."

உண்மைதான். எட்டுக் கிலோ பெட்டியை இடுப்பு உயரத் தட்டில் இருபது தடவை தூக்கி வைத்து நாடி எண்ண வேண்டும். பிறகு தோள் உயரத் தட்டில் இருபது தடவை. அதே பெட்டி, அதே கை. தோள் உயரத்தில் நாடி இருபத்தெட்டு கூடுதலாக ஏறியது. சோம்பேறி என்று மேனேஜர் திட்டியதற்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது அவளுக்கு.

மேஜை முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டுமாம்; அடுத்த வாரம் முழங்கை உயரம் அளந்தார்கள். அளவுகோல் பக்கத்தில் வந்ததும் இவள் குதிகால் தானாக எம்பியிருக்கிறது. "ஏம்மா எம்புறீங்க?" என்று வகுப்பு டீச்சர் கேட்டதும்தான் உறைத்ததாம்.

முன்பு புது மேஜைக்காகக் கம்பெனியில் இதே மாதிரி அளவெடுத்தபோது, குள்ளமானவர்களைக் கழித்துவிடப் போகிறார்கள் என்று ஒரு புரளி. இருபத்தேழு பெண்களும் சேலைக்குள் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். எழுதியவர் நம்பினார். அந்த அளவுக்கு மேஜைக் கால் வெட்டி, எல்லாருக்கும் உயரமாகிப்போக வெல்டிங் வைத்தவன் சாட்சாத் நான்.

திங்கட்கிழமை நேராக மேனேஜரிடம் போய் அதைப் போட்டு உடைத்தாள்.

"பொய் அளவு குடுத்தது நீங்க. அனுபவிங்க" என்றார் அவர்.

"குடுத்தோம் சார். வேலை போயிடும்னு பயந்து குடுத்தோம். உங்களுக்குத்தான் பயம் இல்லையே, பத்து மோட்டார் முடுக்கிக் காட்டுங்க. மேஜை எனக்கு எந்த இடத்துல இடிக்குதோ, உங்களுக்கும் அங்கயே இடிக்கட்டும்."

எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அவரால் பின்வாங்க முடியவில்லை. நான் மேஜைக் காலுக்கு இரும்புக் கட்டை கொடுத்து, அவர் மார்பு வரை உயர்த்தினேன். முதலில் நாடி எண்ணினாள். எழுபத்தாறு. நாலாவது மோட்டாரில் அவர் தோள் காதைத் தொட்டது. ஏழாவதில் ஸ்க்ரூ கைநழுவி உருண்டது.

"ஏழுக்கே நாக்கு தள்ளுதே சாருக்கு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நாடி நூற்றுப் பன்னிரண்டு.

அவர் கைக்குட்டையால் முகம் துடைத்தார். "சரி, உன் மேஜையை மட்டும் இறக்கிக்கோ. நோட்டீஸையும் வாபஸ் வாங்கறேன்."

ஒத்துக்கொள் என்று நான் கண்ணைக் காட்டினேன். என் பக்கமே திரும்பவில்லை.

"இருபத்தேழு மேஜை சார்."

"அப்ப நோட்டீஸ் நிக்கும்."

"நிக்கட்டும். நானும் நிக்கிறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்றாள், குதிகால் தரையில் அழுந்த. முழங்கை மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தாள். பக்கத்து மேஜைக்காரி செருப்பை உதறினாள். அப்புறம் வரிசையாக எல்லாரும். மேனேஜர் கோடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். வேண்டாம் என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. அது போதாதா? கட்டிங் மெஷினை எடுத்து வந்தேன்.

"முதல்ல யாரோடது?" என்றேன்.

"அந்த ஓரத்துல இருந்து வாங்க மாமா. என்னோடது கடைசி."

மூன்று நாளில் இருபத்தேழும் இறங்கின. மாதக் கடைசியில் அவளுக்கு மணிக்கு அறுபத்திரண்டு வந்தது. நோட்டீஸைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

"அந்த ஆள் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாரா?" என்றாள் என் பெண்டாட்டி.

"அவர் மன்னிப்பு யாருக்குக்கா வேணும்? பெட்டி அடுக்கற ரேக்கு தலைக்கு மேல இருக்கு. நாளைக்கு அதைப் பத்திக் கேக்கணும்."