கப்பல்காரத் தெருச் சம்பந்தம்

திண்டுக்கல்லில் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவரைக் காதலித்தேன். அவருடைய வீடு துறைமுக ஊரில், கப்பல்காரத் தெருவில். அதைச் சொன்னதும் செம்பட்டியில் பூ விவசாயம் பார்க்கும் என் பெரியப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடலையே பார்க்காத மனுஷர். கப்பல் வைத்திருக்கும் குடும்பம் என்று அவராகவே முடிவுகட்டி, டீக்கடை டீக்கடையாகப் பரப்பிவிட்டார். அப்பா இல்லாத எனக்கு அவர் சம்மதித்தால்தான் கல்யாணம். நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு விஷயம் தெரியும். ஒரு காலத்தில் கப்பலை விட்டு இறங்கும் ஆட்கள் நேரே வந்து சேரும் தெரு அது. வாசலுக்கு வாசல் பெண்கள் நின்ற தெரு. துறைமுகம் இடம் மாறி, போலீஸும் நெருக்கியதில் பலர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். சிலர் அங்கேயே இட்லிக்கடை போட்டார்கள். நகராட்சி ஏதோ ஒரு தலைவரின் பெயரை வைத்துப் பார்த்தது. ஊர் வாயில் பழைய பெயர்தான் நின்றது.

மாப்பிள்ளை வீடு பார்க்க வேன் கிளம்பியது. பெண் போகிற வழக்கமில்லை என்றார்கள். நான் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டேன். பயம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். செம்பட்டியிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தேன். ஊருக்குள் நுழைந்ததும் பெரியப்பா தலையை நீட்டி, கப்பல்காரத் தெரு எது என்று ஒரு கிழவரிடம் கேட்டார். கிழவர் பெரியப்பாவின் நரைத்த மீசையைப் பார்த்தார். அங்கே இப்போது அதெல்லாம் கிடையாதே ஐயா என்று நிஜமான வருத்தத்தோடு சொன்னார். எதெல்லாம் என்று பெரியப்பா என்னைக் கேட்டார். நான் மாப்பிள்ளை வீட்டுக்கென்று மடியில் வைத்திருந்த பூப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

வீட்டில் மீன் குழம்பு மணந்தது. எங்கள் பக்கம், சம்பந்தம் உறுதியாகாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பெரியப்பா தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தொடவில்லை. உட்கார்ந்த கையோடு, கப்பல் எங்கே நிற்கிறது என்று கேட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

"கப்பலெல்லாம் இல்லண்ணே. இது அந்தத் தெருதான். எங்கம்மா இந்த வாசல்ல நின்னவதான். பெறகு இட்லி சுட்டு என்னைய ஆளாக்குனா. மறைச்சுப் பொண்ணெடுக்க எனக்கு மனசில்ல."

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஒனக்குத் தெரியுமா தாயி?"

தலையாட்டினேன். சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. அவர் எழுந்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அவர் வாசல் பக்கம் போகவில்லை. கொல்லைக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எலையப் போடு தங்கச்சி," என்றார். "பசிக்குது."