அங்கம்மாளுக்கு ஒரு தீவுச் சாப்பாடு

மட்டாஞ்சேரி பஜாரில் ஒச்சப்பன் வைத்த சாம்பாரை ருசிக்காத சுமைகாரன் இருக்க முடியாது. உசிலம்பட்டியிலிருந்து வந்து பதினைந்து வருஷமாக ஒரே ஓட்டலில் அடுப்படி வேலை. விடியுமுன் போனால், பெண்டாட்டி படுத்த பிறகுதான் வீடு திரும்புவான். ஊருக்கே வடித்துக் கொட்டினானே தவிர, அங்கம்மாளோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டவனில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் அங்கம்மாளுக்குத் தொண்டையில் புற்று என்று எறணாகுளம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். டாக்டர் ஒச்சப்பனைத் தனியே கூப்பிட்டார். மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை கரண்டு வைக்க, அதாவது கதிர்ச் சிகிச்சை கொடுக்க ஆரம்பிப்போம், அதற்குப் பிறகு சாப்பாடு இறங்காது, ஆசைப்பட்டதை இப்போதே கொடுத்துவிடு என்றார். ஒச்சப்பன் இதில் கரண்டு வைக்கிற பாதியைத்தான் அவளிடம் சொன்னான்.

அவள் ஆசை என்னவென்று அவனுக்குத் தெரியும். சுக்குக் கிடங்கில் கூலி வேலை பார்த்துத் தூசியைத் தின்று கிடந்தவள், காயல் நீரைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள்: "ஏதாச்சும் ஒரு தீவுக்குப் போயி, தென்ன மரத்தடியில ஒக்காந்து, எவளோ ஆக்குன சோத்த நான் திங்கணும்." பார்க்கலாம் பார்க்கலாம் என்று பத்து வருஷத்தை ஓட்டியிருந்தான் பாவி.

இப்போது ரோஷம் வந்துவிட்டது. காய்கறி கொண்டுவரும் நாணுவைத் துளைத்தெடுத்து விசாரித்தான். பள்ளுருத்திக்குத் தெற்கே ஒரு சின்னத் தீவு இருக்கிறது, அங்கே கள்ளுக்கடையில் வாழையிலையில் பொதிந்து சுடும் கரிமீனும் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் பேர் போனவை, சுற்றிலும் சதுப்பும் கொக்குகளும் என்றான் நாணு. ஓட்டலுக்கு வருஷத்தில் ஒரே நாள்தான் பூட்டு, அது துக்க வெள்ளி என்று அங்கே சொல்லும் புனித வெள்ளி. அந்தத் திங்கட்கிழமைக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. தெய்வமே பார்த்து ஒதுக்கிய நாள் என்று பூரித்துப் போனான். எட்டு மணி பஸ், ஒன்பது மணி வஞ்சிப் படகு, கரிமீனில் ஒன்று சுட்டது, ஒன்று வறுத்தது, நிழல் எந்தப் பக்கம் விழும் என்பது வரைக்கும் திட்டம் போட்டான்.

முதலாளி அன்றைக்கு மட்டும் ஏன் கடையை அடைக்கிறார் என்று அவன் யோசித்ததே இல்லை. அவனுக்கு அது தூங்குகிற நாள், அவ்வளவுதான்.

தீவில் இறங்கினால் கள்ளுக்கடை பூட்டிக் கிடந்தது. சாயாக்கடையும் அப்படியே. சனமெல்லாம் சிலுவையைத் தூக்கிக்கொண்டு பாடியபடி மாதா கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கம்மாளைத் தென்னை நிழலில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்து வீட்டு வாசலில் நின்ற கமலாக்ஷி என்ற பெண்ணிடம் போய் மீன் கேட்டான்.

"இன்னைக்கு துக்க வெள்ளியல்லே சேட்டா? இவிடெ ஆரும் வலை வீசில்ல" என்றாள் அவள்.

"நான் சமையக்காரந்தாம்மா. ரெண்டே ரெண்டு மீனு, ஒரு அடுப்பு, அது போதும். திங்கக்கெழமைக்கு அப்புறம் அவளால எதையும் திங்க முடியாதும்மா!"

கத்திவிட்டான். நிழலில் இருந்தவள் காதில் விழுந்திருக்கும் என்று பிறகுதான் உறைத்தது. கமலாக்ஷி உள்ளே போய், கோயிலுக்குப் போய் வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த கஞ்சியும் பயறும் கொண்டுவந்து அங்கம்மாள் கையில் கொடுத்தாள்.

அங்கம்மாள் ஒரு வாய் வைத்தாள். கண் பிதுங்கியது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி மணலில் துப்பினாள்.

"மீனு கெடைக்காததே நல்லதாப் போச்சு" என்றாள் மூச்சு வாங்க. "பத்து நாளா சோறே எறங்கலங்க. வெறும் காப்பித் தண்ணிதான்."

ஒச்சப்பன் அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான். "ஏத்தா, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"இந்தத் தீவப் பத்தித் தெனமும் ராத்திரி எழுப்பிப் பேசுனீங்க. அம்புட்டுச் சந்தோசமா ஒங்கள நான் பார்த்ததே இல்ல. அதக் கெடுக்க மனசு வரல."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கஞ்சி கொடுத்த கமலாக்ஷி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனம் நோகக் கூடாதென்று, மிச்சக் கஞ்சியை ஒச்சப்பனே குடித்து முடித்தான்.