எஸ்தர் டீச்சரும் கையெழுத்து இல்லாத படமும்

சனிக்கிழமை காலையில் என் பழைய மாணவன் வின்சென்ட் தொலைபேசியில் அழைத்தான். "சாரே, நம்மளுக்க டீச்சர் போயாச்சு" என்றான். பாறசாலையில் எங்கள் பள்ளியில் டீச்சர்கள் பலர் வந்தார்கள், போனார்கள். 'நம்மளுக்க டீச்சர்' என்றால் ஒருவர்தான். யார் என்று நான் கேட்கவில்லை. எப்போது என்று மட்டும் கேட்டேன். விடியற்காலையில், தூக்கத்தில் என்றான். பிறகு அவனே கேட்டான். "படம் இப்ப ஆருக்க கையில சாரே?"

அடக்க ஆராதனைக்கு வந்த பழைய மாணவர்களில் பாதிப் பேர் என்னிடம் இதையே கேட்டார்கள். எல்லோரும் தலை நரைத்தவர்கள், சிலர் கோலூன்றி வந்தவர்கள். பள்ளியின் இந்த நினைவு மலரைப் படிப்பவர்களில் அந்தப் படத்தைத் தொட்டவர்களும் உண்டு, கேள்விப்பட்டவர்களும் உண்டு, ஒன்றும் அறியாத பேரப்பிள்ளைகளும் உண்டு. ஆகவே முதலிலிருந்தே சொல்கிறேன்.

எஸ்தர் டீச்சர் ஊர்த் திருச்சபை உபதேசியாரின் மகள். எங்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தார். நானும் அவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கணக்குக்கு அடுத்தபடியாக அவருக்குத் தெரிந்தது கால்பந்தாட்டம். அது எப்படி என்று பலர் வியந்ததுண்டு. காரணம் எளிது. அவருடைய தாய்மாமா கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்தார். அங்கே சிகரெட் பெட்டிக்குள் ஒரு சிறிய அட்டைப்படம் வைத்து விற்பார்கள். ஒரு பக்கம் பந்தாட்டக்காரரின் வண்ணப்படம், மறுபக்கம் அவரைப் பற்றி நாலு வரி. மாமா புகைப்பார், படங்களை மருமகளுக்கு அனுப்புவார். உபதேசியார் வீட்டில் சிகரெட் என்ற சொல்லையே யாரும் சத்தமாகச் சொல்ல முடியாது. மகளோ படங்களைப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அப்பா அந்தப் புத்தகத்தை விரித்ததும் புகையிலை வாடை அடித்ததாம். பாடி முடிக்கும்வரை பொறுத்திருந்து, வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு படத்தையும் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல எவன் மக்கா நல்லா ஆடுவான்?" என்று கேட்டாராம். அப்பாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் டீச்சர் சொல்லும் கதை இது.

அந்தப் படங்களில் ஒன்று மாதவனுடையது. மாதவன் அதியன்னூர்க்காரர். கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கே ஒரு குழுவில் கோல் காத்தவர். நம் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவரின் முகம் சிகரெட் பெட்டிக்குள் வந்தது அந்த ஒரு முறைதான். கம்பெனி சீக்கிரமே படம் வைப்பதை நிறுத்திவிட்டது. அதனால் அந்தப் படம் கொழும்பிலேயே கிடைப்பது அரிது. இந்தப் பக்கம் டீச்சரிடம் இருந்ததைத் தவிர வேறொன்று இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மாதவன் பக்கவாட்டில் பாய்ந்து பந்தைப் பிடிக்கும் படம். காலில் பூட்ஸ் இல்லை. அதைத்தான் பையன்கள் முதலில் பார்ப்பார்கள்.

எங்கள் விளையாட்டு ஆசிரியர் மாற்றலாகிப் போனபோது அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. பந்தாட்டக் குழுவை யார் கவனிப்பது என்று தலைமையாசிரியர் கேட்டார். ஆண்கள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, டீச்சர் எழுந்து, "விசில் எங்க இருக்கு?" என்றார். மறுநாள் முதல் வெள்ளைச் சேலையும் விசிலுமாக மைதானத்தில் நின்றார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒரு வாரத்தில் அலுத்துப்போய் வீட்டுக்குப் போனார்கள். டீச்சர் போகவில்லை.

அவர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் ஒரு பையன் மாதவன் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். திங்கட்கிழமை காலை மணி அடிக்கும் முன் திருப்பித் தர வேண்டும். கோல் அடித்தவனுக்குப் படம் கிடையாது. "கோல் அடிச்சவனை ஊரு தூக்கும். அவனுக்குப் பந்து குடுத்தவனை நாம தூக்கணும்" என்பார். படம் ஒரு ஜாமெட்ரி பெட்டியில் விரித்த பஞ்சின் மேல் இருக்கும். ஓர் உதாரணம் சொல்கிறேன். அம்பூரி மலையில் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து இங்கே உறவினர் வீட்டில் தங்கிப் படித்த ஒரு பையன், தன் முறை வந்த வாரம் ஊருக்கே கொண்டுபோய், தோட்டத்தில் பால் எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் காட்டிவிட்டு, திங்கட்கிழமை மழையில் பெட்டியைத் தலையில் கவிழ்த்த சட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். படம் நனையவில்லை.

பிறகு அந்த ஆண்டுகள் வந்தன. திருவிதாங்கூரின் தெற்கே உள்ள தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம். நெய்யாற்றின்கரைத் தாலுகா எந்தப் பக்கம் என்பதில் ஊர் இரண்டாகியது. ஊர் என்ன, வீடுகளே இரண்டாயின. அண்ணன் ஓர் ஊர்வலத்தில், தம்பி அடுத்த ஊர்வலத்தில். எங்கள் பள்ளியில் தமிழ் டிவிஷனும் மலையாள டிவிஷனும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. பந்தாட்டக் குழு இரண்டிலிருந்தும் சேர்ந்த குழு. நாங்கள் ஆசிரியர்கள் அறையில் வாதாடிக்கொண்டிருந்தபோது டீச்சர்தான் முதலில் கவனித்தார். "சாரே, வின்சென்ட் பந்தை ராகவனுக்குக் குடுக்கியது இல்ல. ராகவன் நிக்கியது கண்ணுல பட்டாலும் குடுக்கியது இல்ல." வின்சென்ட் தமிழ் டிவிஷன், ராகவன் மலையாள டிவிஷன். இரண்டு வாரம் படம் யாருக்கும் போகவில்லை. நெய்யாற்றின்கரை மைதானத்தில் ஆட வேண்டிய போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு குழுவாகப் பிரித்துவிடலாம் என்று தலைமையாசிரியரும் பேசத் தொடங்கியிருந்தார். டீச்சருக்கு அது தன் கையை இரண்டாக வெட்டுவது போல.

அந்த நேரத்தில் மாதவன் விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வர ஒப்புக்கொண்டார். உடனே கிளம்பியது கையெழுத்துப் பேச்சு.

எங்கள் தமிழாசிரியர் செல்லையன் போராட்டத்தில் முன்னால் நின்றவர். படத்தில் மாதவன் தமிழில் கையெழுத்துப் போட்டால் கூட்டத்தில் காட்டலாம் என்பது அவர் ஆசை. வாசகசாலைச் செயலாளர் கேசவ பிள்ளைக்கு அதே ஆசை, மலையாளத்தில். மாதவனின் அப்பா வீட்டில் மலையாளம், அம்மா வீட்டில் தமிழ். இரண்டு பேருமே டீச்சருக்கு நல்ல நண்பர்கள். இரண்டு பேரும் சொன்னது ஒன்றே: ஒரு கையெழுத்துதானே.

டீச்சர் முதலில் நியாயமான காரணம் ஒன்று சொல்லிப் பார்த்தார். வழவழப்பான அட்டையில் பேனா மை ஒட்டாது. தன்னிடம் இரட்டையாக இருந்த வேறொரு படத்தில் எழுதியே காட்டினார். மை முத்து முத்தாக நின்று, துடைத்தபோது அந்த ஆட்டக்காரரின் மூக்கு நீலமாகியது. மறுநாள் செல்லையன், ஈரம் பட்டால் மையாகும் காப்பிங் பென்சிலோடு வந்தார். அன்று மாலையே கேசவ பிள்ளை வரைபடம் வரையும் பேனாவும் கறுப்பு மையுமாக வந்தார். அந்த மை ஒட்டும்.

நான் என் பங்குக்கு, ஆங்கிலத்தில் போடச் சொல்லலாமே என்றேன்.

"இங்கிலீஷில போட்டா ரெண்டு பேரும் ஒண்ணா நிண்ணு என்னை ஏசுவாங்க சாரே. அந்த ஒற்றுமைக்கு வேண்டி வேணும்ணா போடலாம்."

அப்படியானால் இரண்டு மொழியிலும் என்றேன்.

"எது மேல, எது கீழ?" என்றார். பிறகு அவர் சிரிக்காமல் சொன்னார்: "இப்ப இந்தப் படம் எந்த வீட்டுக்குள்ளயும் போவும். எழுத்து விழுந்தா பாதி வீட்டு வாசல்லதான் நிக்கும். போடாண்டாம்ணு சொன்னா நான் ஒரு பக்கம் சேந்தாச்சுண்ணு ரெண்டு பக்கமும் சொல்லும். என்ன செய்யியதுண்ணு எனக்குத் தெரியல்ல."

வெள்ளிக்கிழமை மாதவன் வந்தார். நெடிய உருவம், கூச்ச சுபாவம். பையன்கள் கேட்டதற்காக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோலில் நின்றார். எவ்வளவு அடித்தாலும் பந்தைப் பிடித்து, யாருக்காவது எறிந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு யார் எந்த டிவிஷன் என்று தெரியாது. ஒருமுறை வின்சென்ட்டுக்கு எறிந்துவிட்டு, "அந்தா நிக்கியான் பாரு, அவனுக்குக் குடு மக்கா" என்று ராகவனைக் கைகாட்டினார். மாதவனே சொன்ன பிறகு எப்படிக் கொடுக்காமல் இருப்பது? வின்சென்ட் கொடுத்தான். டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்ததை நான் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்தது. ஒரு பக்கம் செல்லையன் பென்சிலோடு, மறுபக்கம் கேசவ பிள்ளை பேனாவோடு, பின்னால் அவரவர் ஆட்கள். டீச்சர் பெட்டியைத் திறந்து மாதவனிடம் நீட்டினார். அவர் படத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தான் கொழும்பில் இல்லாத நேரத்தில் அச்சான படம், தன் கைக்கு ஒன்றுகூட வந்ததில்லை என்றார். "அம்மைக்கிட்ட சொன்னேன் டீச்சர். போடா, உனக்க மொகரைய ஆரு அச்சடிப்பாண்ணு கேட்டா."

கூட்டம் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. பையன்களின் பக்கம் திரும்பினார்.

"எலே, இண்ணைக்கு எல்லாருக்கும் பந்து எடுத்துக் குடுத்தது ஆரு?"

பையன்கள் மாதவனைக் காட்டினார்கள்.

"அப்ப இந்த வாரம் இவருக்க முறையாக்கும்." படத்தைப் பெட்டியில் வைத்து மூடி அவர் கையில் கொடுத்தார். "வீட்டுக்குக் கொண்டு போங்க. அம்மைக்குக் காட்டுங்க. திங்களாச்சை மணி அடிக்கியதுக்கு முந்தி இங்க வந்து தரணும். எங்க சட்டம் அதாக்கும்."

பென்சிலும் பேனாவும் சும்மா கையிலேயே நின்றன. அரிய படத்தை இப்படித் தூக்கிக் கொடுக்கலாமா, மனிதர் கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று செல்லையன் சனிக்கிழமை முழுவதும் புலம்பினார். கேசவ பிள்ளையும் அதையே சொன்னார். பல மாதங்களுக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றுதான். டீச்சரிடம் நான் கேட்டபோது, "பயலுவ எல்லாரும் கொண்டு தந்தாச்சு. இவரு மட்டும் தராம இருப்பாரா?" என்றார். சொன்னாரே தவிர, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர் மனம் பாட்டில் செல்லவில்லை என்று அவருடைய அப்பா என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மாதவன் வந்து இறங்கினார். பையன்கள் வாசலில் காத்து நின்றார்கள். செல்லையனும் இருந்தார், கேசவ பிள்ளையும் இருந்தார். மாதவன் பெட்டியைக் கொடுத்தார், ஆனால் முகம் வாடியிருந்தது. டீச்சர் திறந்தார். படத்தில் மாதவனின் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு.

"ஊரு முழுக்க, வீடு வீடாப் போவிய படம்ணு தெரியாம சொல்லிப்போட்டேன் டீச்சர். அம்மை உடனே கண்மையைத் தொட்டு வச்சிட்டா. இத்தன கண்ணு பட்டா என்ன ஆவும்ணு கேக்கியா. நனஞ்ச துணியால தொடச்சா போயிரும், நான் தொடச்சு..."

"தொடாதீங்க" என்றார் டீச்சர்.

கண்ணேறு, திருஷ்டி இவற்றில் எல்லாம் நம்பிக்கை இல்லாத வீட்டில் பிறந்தவர் அவர். அந்தப் பொட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு செல்லையனையும் கேசவ பிள்ளையையும் அருகில் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். "கையெழுத்து வேணும்ணு கேட்டீங்கல்லியா? போட்டாச்சு. இது எந்த பாஷைண்ணு ரெண்டு பேரும் இருந்து தீருமானம் பண்ணுங்க."

முதலில் சிரித்தது கேசவ பிள்ளை. செல்லையன் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் குழந்தைகளுக்கும் வீட்டில் தினமும் அதே பொட்டுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை படம் வின்சென்ட்டின் வீட்டுக்குப் போனது. ராகவனுக்குப் பந்து கொடுத்ததற்காக. அதற்கடுத்த வாரம் ராகவன் வீட்டுக்கு. நெய்யாற்றின்கரையில் நாங்கள் ஒரே குழுவாக ஆடினோம். தோற்றுத்தான் போனோம். ஆனால் எங்கள் பையன்கள் பதினொரு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். அந்த ஆண்டு அப்படி வந்த குழு வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு எல்லை வந்தது. விளவங்கோடு தாலுகா சென்னைப் பக்கம் போனது, நாங்கள் கேரளப் பக்கம் நின்றோம். செல்லையன் மாற்றல் வாங்கிக்கொண்டு எல்லைக்கு அப்பால் போனார். எப்போது பார்த்தாலும், படம் இந்த வாரம் யாரிடம் என்று கேட்பார்.

டீச்சர் ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து, பழைய விளையாட்டுப் படங்களைச் சேகரிக்கும் ஓர் இளைஞர் திருவனந்தபுரத்திலிருந்து வந்தார். பொட்டைச் சுத்தம் செய்ய மருந்து இருக்கிறது, அது இல்லாவிட்டால் படத்துக்கு மதிப்பு கூடும், மாதவனின் கையெழுத்து இருந்திருந்தால் சொல்லவே வேண்டாம் என்றார். டீச்சர் அவருக்குப் பால் விடாத கட்டன் சாயா கொடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தொடச்சா மாதவன் இருப்பாரு தம்பி. அவருக்க அம்மை போயிருவா."

அடக்கம் முடிந்து கிளம்பும்போது டீச்சரின் மகள் ரூத் என்னைத் தனியே அழைத்து அந்த ஜாமெட்ரி பெட்டியைக் கையில் வைத்தாள். ஆசிரியர்களுக்கு முறை கிடையாது என்பதால், இத்தனை ஆண்டு பக்கத்தில் இருந்தும் அது என் வீட்டுக்கு வந்ததே இல்லை. "சாரு எல்லாருக்கும் இந்தப் படத்துக்க கதைய எடுத்துக் குடுத்துட்டே இருந்தாரு, ஒரு முறையாவது கொண்டு போவட்டும்ணு அம்மை சொல்லியிருந்தா" என்றாள்.

ஆக, வின்சென்ட்டுக்கும் மற்றவர்களுக்கும் பதில் இதுதான்: படம் இப்போது என் கையில். இதை எழுதும்போது மேசைமேல் திறந்திருக்கிறது. பொட்டு கொஞ்சம் மங்கியிருக்கிறது, போகவில்லை. இதை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. நான் வைத்துக்கொள்வது அந்த விசில் வாயிலிருந்து இறங்கிய கணத்தையும், தன்னிடம் ஒன்றே ஒன்றாக இருந்த அந்தப் படத்தை மூடிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்த அந்தத் துணிவையும்தான். அப்படி ஒருவரோடு வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆயுள் முழுவதும் போதும்.

படம் வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வாருங்கள். திங்கட்கிழமை மணி அடிக்கும் முன் திருப்பித் தர வேண்டும். எனக்கும் அதே சட்டம்தான். அன்றைக்கு வின்சென்ட் முந்திக்கொண்டான்; இந்த முதல் முறை ராகவனுக்கு.