நிமிட முள் இல்லாத மணிக்கூடு

சிவபாதம் அண்ணர் நித்திரையிலேயே போய்விட்டார் என்று வியாழன் காலை தொலைபேசியில் சொன்னார்கள். நாம் குடியேறி வாழும் நியூ லின்னில் எங்கள் முதியோர் சங்கம் அடுத்துக் கூடும் நாளில், ஆளுக்கொரு முறை தம் ஊரைப் பற்றிப் பேசும் ஊர்ப்பேச்சு அவருடைய முறை. "அவருக்குப் பதிலா நீங்கள் கதையுங்கோ, மாஸ்டர்" என்றார் தலைவர். மேடையேறினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்; சங்கத்தார் நீங்கள் அறிவீர்கள். ஆனால் அண்ணருடைய ஊர் சொல்லப்படாமல் போகலாமா?

நாம் பருத்தித்துறை, மதுரை என்று பேசுவோம். அண்ணரோ, தான் அகதியாகப் போய்ப் பல ஆண்டுகள் வாழ்ந்த ஜெர்மனியச் சிற்றூர் லிண்டன்பாக்கைப் பற்றியே பேசுவார். "ஏன் சார், உங்களுக்குப் பொறந்த ஊரே இல்லையா?" என்று மதுரைக்காரர் ராமநாதன் ஒருமுறை சீண்டினார். "பிறந்த ஊருக்கு என்னை ஆரும் கேட்டுக் கொண்டுவரேல்லை. இந்த ஊர்க் கதவை நானே போய்த் தட்டினனான்" என்றார் அண்ணர்.

பழைய மதில், இரண்டு வாசல்கள். ஒரு பெருந்தீயில் ஊரே எரிந்தபோது மிஞ்சியது மேல்வாசல் கோபுரம் மட்டுந்தான். அதிலுள்ள மணிக்கூட்டுக்கு மணி முள் மட்டுமே உண்டு. நிமிடங்களை யாரும் எண்ணாத காலத்தில் செய்தது. எப்போதும் முன்னதாகவே வந்துவிடும் நான், பிந்தி வரும் அண்ணரிடம் என் கைக்கடிகாரத்தைக் காட்டுவேன். "மேல்வாசல் மணிக்கூட்டுப்படி நான் பிந்தேல்லை, ஐசே" என்பார்.

கூட்டத்தன்று எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு போனேன். கீழ்வாசலில் தொடங்கி, பாலம் தாண்டி, சந்தைச் சதுக்கம் வரை சரியாகவே வாசித்தேன். "நீரூற்றுக்கு வலப்பக்கம் நகர மண்டபம்" என்றேன்.

"இடப்பக்கம் சார்!" பின்வரிசையில் ராமநாதன். "வலப்பக்கம் பேக்கரி."

"ஓம், அதுக்கு மேலதான் அண்ணர் இருந்த அறை" என்றார் பரமேஸ்வரி அக்கா. "பாண் வாசத்தில எழும்புவாராம்."

"அப்ப மண்டபத்து மரச்சட்டத்த யாரு சொல்றது?" என்று ராமநாதன் எழுந்தே விட்டார். நான் தாளை மடித்தேன். அந்த ஊரைக் கண்ணால் காணாதவர்கள் ஆளுக்கொரு தெருவாகச் சொல்லி, சிரித்து, திருத்தி, மேல்வாசல் வரை போய்ச் சேர்ந்தார்கள். நான் பயந்தது வீண்.

லிண்டன்பாக் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த மணிக்கூட்டை மட்டும். இந்த மாதக் கூட்டத்துக்கு, வழியில் நின்று ஒரு கோப்பி குடித்துவிட்டு, முதன்முறையாகப் பிந்திப் போனேன்.

"என்ன மாஸ்டர், உடம்புக்கு ஏதாவதா?" என்று பதறினார் தலைவர்.

மேல்வாசல் மணிக்கூட்டுப்படி நான் பிந்தவில்லை என்றேன்.