முதலில் எழும்புகிறவள்

தக்கலையில் திருவனந்தபுரம் ரோட்டோரம் ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், சிப்ஸ் போட்டு விற்கிற செல்லபாய்க்கு ஐம்பது தாண்டிவிட்டது. கடை சின்னதுதான். பெரிய இரும்புச் சட்டி ஒன்று, தேங்காயெண்ணெய் டின்கள், முன்னால் ஒரு கண்ணாடி அலமாரி. கணவர் ஜான்ரோஸ் கொதிக்கிற எண்ணெய்க்கு நேராகக் காயைச் சீவிவிடுவார். இவள் ஜல்லிக்கரண்டியால் கிண்டி அள்ளுவாள். ஜான்ரோஸ் வாயைத் திறப்பது சாப்பிடவும் ஜெபிக்கவும் மட்டும்தான் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவருக்கும் சேர்த்து இவள் பேசிவிடுவதால் வீட்டில் ஒரு குறைவும் இல்லை.

இதெல்லாம் பகல் நேரத்துச் செல்லபாய். சாயங்காலம் எந்தத் தெருவிலாவது கானமேளா, பாட்டுக் கச்சேரி என்று காதில் விழுந்துவிட்டதோ, அது வேறு ஆள். அடுப்பை அணைத்து, முகத்தைக் கழுவி, ஜான்ரோஸை ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லிவிடுவாள். ஓணத்துக்கு நடக்கும் கிளப் ஆண்டு விழா, கடற்கரைக் கோயில் திருவிழா, தோவாளைப் பக்கத்து அம்மன் கொடை, எதுவானாலும் சரி. சி.எஸ்.ஐ. சபைக்காரிக்கு அங்கெல்லாம் என்ன வேலை என்று ஒருவர் கேட்டதற்கு, பாட்டுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாச்சா இல்லையா என்று நான் விசாரிக்கிறதில்லை என்று பதில் சொன்னாளாம்.

ஒருமுறை நாகர்கோவிலில் ஒரு ஓட்டல் மொட்டை மாடியில் கிட்டார் வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனார்கள். மங்கலான விளக்கு, மேஜைக்கு மேஜை மெழுகுவர்த்தி. பையன் நன்றாகத்தான் பாடினான், பாவம். பாட்டு முடிந்தபோது முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்ட ஒரு ஆள் கிடையாது. செல்லபாய் தட்டிய தட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இனி இந்தப் பக்கம் வேண்டாம், நமக்குத் தெருதான் சரி என்று அவள் ஸ்கூட்டரில் திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கேரளத்திலிருந்து வருகிற பெரிய கோஷ்டிகளைவிட உள்ளூர்ப் பையன்களின் பேண்டுதான் அவளுக்கு உயிர். அதிலும் ஜெபிஷின் பேண்ட். ஜெபிஷ் பகலில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன், மாலையில் கீபோர்டு. பாடுகிற ஜாஸ்மி ஒரு பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுக்கிறவள். தெரிந்த பிள்ளைகள் பாடும்போது எந்த இடத்தில் மூச்சு முட்டும், எந்த இடத்தில் சமாளிப்பார்கள் என்பதெல்லாம் நமக்கே தெரியும். அந்த ருசி காசு கொடுத்துக் கூட்டி வருகிற கோஷ்டியில் உண்டா?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு சீக்கு உண்டு. என்னதான் அடித்துத் தூள் பறத்தினாலும் நாற்காலியை விட்டு எழும்ப மாட்டார்கள். கால் பரபரக்கும், தோள் துடிக்கும், ஆனால் முதல் ஆளாக எழுந்து ஆட எவனுக்கும் தைரியம் வராது. பக்கத்து வீட்டுக்காரன் என்ன நினைப்பான், நாளைக்குச் சபையில் என்ன பேசுவார்கள் என்று ஆயிரம் கணக்கு. அந்த நேரத்தில்தான் செல்லபாய் எழும்புவாள். செருப்பு, கைப்பை, மூக்குக் கண்ணாடி மூன்றையும் ஜான்ரோஸ் கையில் கொடுத்துவிட்டு முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு முன்னால் போய் நிற்பாள். அவள் ஆடுவதை ஆட்டம் என்று சொன்னால் ஆட்டம் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். இரண்டு கையையும் மேலே தூக்கி, சட்டியில் சிப்ஸ் கிண்டுகிற மாதிரி ஒரு சுற்று சுற்றுவாள், அவ்வளவுதான். ஆனால் அந்த முகத்தில் இருக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதைப் பார்த்த பிறகு மற்றவர்களால் உட்கார்ந்திருக்க முடியாது. ஒரு பாட்டு முடிவதற்குள் தெரு நிறைந்துவிடும். செல்லபாய் மாமி வந்தாச்சா என்று பார்த்துவிட்டுத்தான் ஜெபிஷ் குத்துப் பாட்டையே எடுப்பான்.

இந்தச் சந்தோஷத்துக்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. மகன் லிஜோ தோஹாவில் ஏ.சி. வேலையில் இருக்கிறான், நல்ல பையன். போன வருஷம் அவனுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண் வீட்டார் ஜங்ஷனில் விசாரித்தபோது, ஓ, ரோட்டில் ஆடுகிற அந்தப் பொம்பளையின் மகனா என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட்டான். அதோடு அந்தச் சம்பந்தம் போயிற்று. செல்லபாய் அன்றைக்குச் சிப்ஸைக் கருக விட்டாள். லிஜோ போனில் பரவாயில்லை அம்மா என்றுதான் சொன்னான். அந்தப் பரவாயில்லை அவளை ரொம்ப நாள் அறுத்தது.

இந்த வருஷம் கர்த்தர் வேறு வழி காட்டினார். பெண் பெயர் பிரீனா, நர்ஸ். அப்பா ஏசுவடியான் கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளர், தங்கள் சபையில் கமிட்டி ஆள். நிச்சயத்தன்று மண்டபத்துக்கு வெள்ளை வேட்டியும் சட்டையுமாக வந்து, முதுகு நாற்காலியில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு சிரிப்பு இல்லை. அதைப் பார்த்த லிஜோ அம்மாவிடம் வந்து கொஞ்சம் அடக்கமாக இரு என்று காதில் சொன்னான். அவளும் பட்டுச்சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். பெண்ணிடம் நாலு வார்த்தைகூடப் பேசவில்லை. வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

கல்யாணம் ஜனவரியில். அதற்கு முன்னால் கிறிஸ்மஸ் வந்தது. நிச்சயம் முடிந்த முதல் கிறிஸ்மஸ் என்பதால் பெண் வீட்டார் கேக் கொண்டு வருவோம் என்று சொல்லியனுப்பினார்கள். அவர்கள் வருவதாகச் சொன்ன சனிக்கிழமைதான் செல்லபாயின் தெருவில் இளைஞர் மன்றத்தின் கிறிஸ்மஸ் விழா. ஜெபிஷின் பேண்ட். நிச்சயத்துக்கு வந்த லிஜோவும் லீவில் ஊரில்தான் இருந்தான். பிரீனாவும் வருகிறாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவன் கால் தரையில் படவில்லை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. தாலி கட்டும் முன் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறக்கூடாது என்று பெரியவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் எங்கே உட்கார வைப்பது? தெருவில் நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம், ரோடு சர்க்கார் ரோடுதானே என்று முடிவாயிற்று. ஆக மொத்தம், கூட்டி வந்து உட்கார வைக்கப்போவது ஜெபிஷின் ஸ்பீக்கருக்கு முன்னால்.

அன்று காலையில் லிஜோ அடுக்களைக்கு வந்தான். வெகுநேரம் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அம்மா, எனக்கு வேண்டி இந்த ஒரு தடவ எழும்பாம இரி. கல்யாணம் முடிஞ்ச பொறவு நீ எவ்வளவு வேணும்னாலும் ஆடு. நானே செருப்பப் பிடிச்சிட்டு நிக்கேன்."

"செரி மக்கா," என்றாள் செல்லபாய். "நான் எழும்ப மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கோபம் மகன் மேல் இல்லை. அவன் பிரீனாவோடு போனில் பேசும்போது அவன் குரலே மாறிப்போவதை அவள் கேட்டிருக்கிறாள். தன் கை காலை ஒரு சாயங்காலம் அடக்கி வைக்கத் தெரியாமல் இந்தப் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தால் தன்னைவிடப் பாவி உண்டா என்று நினைத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்கு விழா தொடங்கியது. மாடி மாடியாக நட்சத்திர விளக்கு, மூலையில் குடில், டிப்பர் லாரியின் பின்பக்கத்தைத் திறந்துபோட்டு அதுதான் மேடை. பெண் வீட்டார் கேக்கோடு வந்து இறங்கினார்கள். முன்வரிசையில் ஏசுவடியான், அவர் பக்கத்தில் செல்லபாய், அப்புறம் ஏசுவடியானின் மனைவி இசபெல். பிரீனா பின்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். லிஜோ எங்கே நிற்பது என்று தெரியாமல் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

மேடையிலிருந்து ஜெபிஷ் செல்லபாயைப் பார்த்துவிட்டான். அவனுக்கு ஒரே சிரிப்பு. மைக்கைக் கையில் எடுத்தான். தன்னைப் பேர் சொல்லி ஆடக் கூப்பிடப் போகிறான் என்று செல்லபாய்க்குப் புரிந்தது. நல்லவேளை, வாயே திறக்காத ஜான்ரோஸ் அன்றைக்கு ஓடிப்போய் லாரியின் ஓரத்தில் நின்று அவனைக் குனியச் சொல்லிக் காதில் என்னமோ சொன்னார். ஜெபிஷின் முகம் தொங்கிப்போயிற்று. மைக்கைத் திரும்ப ஜாஸ்மியிடம் கொடுத்தான்.

முதலில் கிறிஸ்மஸ் பாட்டு இரண்டு. பிறகு ஒரு மெலடி. அதற்குப் பிறகு டிரம்ஸ்காரன் கையை உதறிக்கொண்டு குத்துப் பாட்டை எடுத்தான். அடி என்றால் அப்படி ஓர் அடி, வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன. தெருவில் ஒரு குஞ்சு அசையவில்லை. எல்லாரும் செல்லபாயின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளோ இரண்டு கையையும் மடிக்குள் பூட்டி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஜாஸ்மி தொண்டை வலிக்கப் பாடுகிறாள், கேட்பதற்கு வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். இந்தப் பிள்ளைகளை இப்படிப் பட்டினி போடுகிறேனே என்று அவளுக்குக் கண் கலங்கியது. சம்பந்தி பார்த்துவிடப் போகிறாரே என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

குனிந்தபோதுதான் அவருடைய கால் கண்ணில் பட்டது.

வேட்டிக்குக் கீழே ஏசுவடியானின் வலது குதிகால் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. சும்மா அடிக்கவில்லை, டிரம்ஸ்காரனோடு ஒட்டி ஒட்டி அடித்தது. அவர் கை அந்த முட்டியை அமுக்கிப் பிடித்திருந்தது. முட்டி கைக்கு அடங்கவில்லை. முகம் மட்டும் கமிட்டிக் கூட்டத்தில் இருப்பதுபோல நேராக இருந்தது. செல்லபாய் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். வண்டியில் வந்ததில் கால் மரத்துப்போயிற்று என்று ஏதோ சமாதானம் சொன்னார்.

"மரத்த காலு தாளம் தப்பாம அடிக்காது, சம்மந்தி," என்றாள் செல்லபாய்.

ஏசுவடியான் மனைவி பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு செல்லபாயின் காதுப் பக்கம் குனிந்தார்.

"ஒங்ககிட்ட மறைக்க எனக்கு முடியாது. எஸ்டேட்டுல பாட்டுண்ணா மொதல்ல எழும்புகது நானாக்கும். வரும்போ காருல வச்சு பிரீனா சத்தியம் வாங்கிச்சு. மாமியாரு ரொம்ப கண்டிப்பு, அவிய முன்ன ஆடி மானத்த வாங்காதீங்க அப்பாண்ணு சொல்லிச்சு."

செல்லபாய்க்கு முதலில் புரியவில்லை. கண்டிப்பான மாமியார் என்று அந்தப் பிள்ளை யாரைச் சொன்னது? புரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நிச்சயத்தன்று தான் வைத்துக்கொண்டிருந்த அந்த முகம் அவளுக்கு நினைவு வந்தது. தன் மகனும் காலையில் இதே சத்தியத்தை வாங்கிய கதையை அவரிடம் சொன்னாள். போன வருஷம் சம்பந்தம் போனதையும் சொன்னாள். ஏசுவடியான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ நாம ரெண்டுபேரும் ஆரப் பயந்து இருக்கோம்?" என்று கேட்டாள் செல்லபாய்.

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். இசபெல் அதை வாங்க மறுத்து முறைத்ததால் ஜான்ரோஸிடம் நீட்டினார். ஜான்ரோஸ், பழகின கை, வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஏசுவடியான் வேட்டியை மடித்துக் கட்டி, எழும்பி, லாரிக்கு முன்னால் போய் நின்றார். அந்த மனுஷன் ஆடிய ஆட்டம்! ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதுபோலக் கை ஒரு பக்கம், கால் வேறொரு பக்கம். ஜெபிஷ் ஒரு கணம் அசந்துபோய், பிறகு கீபோர்டை இரண்டு கையாலும் போட்டு அடித்தான்.

செல்லபாய் நாற்காலியில் உட்கார்ந்து அவரைப் பார்த்தாள். எத்தனை தெரு, எத்தனை திருவிழா! ஒவ்வொன்றிலும் எல்லார் கண்ணும் முதுகில் குத்த, தனியாக நடந்துபோய் நின்றவள் அவள்தான். தனக்கு முன்னால் ஒருவர் போய் நிற்பதை அவள் ஒருநாளும் கண்டதில்லை. அது இவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. செருப்பையும் கண்ணாடியையும் ஜான்ரோஸிடம் கொடுத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, இரண்டாவது ஆளாக எழும்பினாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? தெரு மொத்தமும் எழும்பிவிட்டது. விளக்குக் கம்பத்தின் அடியில் லிஜோ தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். பின்வரிசையில் பிரீனாவும் முகத்தைப் பொத்தியிருந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை எடுத்து, ஒருவரையொருவர் பார்த்தார்கள். லிஜோ தன் அம்மாவைக் கை காட்டினான். அவள் தன் அப்பாவைக் கை காட்டினாள். லிஜோ குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

பாட்டு முடிந்து செல்லபாய் மூச்சு வாங்க நின்றபோது, பிரீனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். பாட்டிலை நீட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"மாமி, நீங்க இப்பிடியாக்கும்ணு தெரிஞ்சிருந்தா நான் ஒரு மாசமாட்டு உறங்காம கெடந்திருக்க மாட்டேன்."

செல்லபாய் பாட்டிலை வாங்கி ஜான்ரோஸிடம் கொடுத்தாள். பிள்ளையின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஜெபிஷ் அடுத்த பாட்டை எடுத்தபோதும் விடவில்லை.