வெர்லன் டிட்மோர் கருவியில் தேறிய நாள்

வெர்லன் டிட்மோரைப் பற்றிக் குறை சொல்ல எங்கள் டன்னவே ஏரிப் பக்கம் ஆள் கிடைப்பது கஷ்டம். பள்ளிக்கூட பஸ்களுக்கு என்ஜின் பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக வருகிற ஆள். யார் வீட்டு வண்டி நடுவழியில் நின்றாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். மற்றபடி பாஸ் மீன் பிடிக்கிற பைத்தியம். அலபாமாவில் அதை யாரும் குறை என்று சொல்வதில்லை. அந்தப் பைத்தியம் பிடிக்காதவனைத்தான் நாங்கள் கொஞ்சம் ஒரு மாதிரி பார்ப்போம்.

இத்தனை பைத்தியம் இருந்தும் சொந்தமாகப் படகு கிடையாது. ஹாலிஸ் கேண்டின் படகில் பின்பக்கத்து இருக்கைதான் அவர் இடம். ஹாலிஸ் மின்கம்பி இழுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். படகின் முன்னால் நின்று, சின்ன மோட்டாரைக் காலால் மிதித்துத் திருப்பிக்கொண்டே தூண்டில் வீசுவார். பின்னால் வெர்லன். வருஷக்கணக்காக அப்படித்தான். வாரம் தவறாமல் சண்டை வேறு. எதைப் பற்றி? தூண்டிலில் கோக்கிற பிளாஸ்டிக் புழுவின் நிறத்தைப் பற்றி!

"உன் பச்சைப் புழுவைக் கண்ணு தெரியாத மீனுதான்டா கடிக்கும்" என்பார் ஹாலிஸ்.

"உன் ஊதாப் புழுவைப் பாத்தா மீனுங்க ஏதோ கல்யாணம்னு நெனச்சு ஒதுங்கிப் போயிடும்" என்பார் வெர்லன்.

எங்கள் ஏரி அணை கட்டி உண்டாக்கின ஏரி. கட்டும்போது உள்ளே இருந்த மரங்களை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டார்கள். அடித்தரை தட்டு மாதிரி வெறுமையாகக் கிடக்கிறது. பாஸ் மீனுக்கோ ஒளிந்து நிற்க ஒரு மறைவு வேண்டும். அதனால் மீன்பிடிக்கிறவர்களே மறைவு கட்டிக் கொடுப்பது எங்கள் வழக்கம். கிறிஸ்துமஸ் முடிந்து தெருவோரம் வீசின மரங்களைப் பொறுக்கி, கான்கிரீட் கல் கட்டி, தனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் இறக்கிவிட்டு வருவார்கள். எங்கே இறக்கினோம் என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். சட்டப்படி பார்த்தால் தண்ணீருக்குள் போனது எல்லாருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் தூண்டில் போடலாம். ஆனால் தெரிந்தே இன்னொருத்தன் மறைவில் கை வைக்கிறவனை எங்கள் ஊரில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

ஹாலிஸ் மற்றவர்களைப் போல மரத்தைக் கட்டிப் போடவில்லை. மரம் சீக்கிரம் அழுகிவிடும் என்று, பெரிய வாளிகளில் சிமெண்ட் ஊற்றி, அதில் மூங்கில் கழிகளை விரித்து நட்டு, மூன்று குளிர்காலமாக ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் இறக்கினார். தனியாகத் தூக்க முடியாது. அதனால் வெர்லனை மட்டும் கூட்டிப்போனார்.

"முதல்ல பாசி பிடிக்கணும். பாசி திங்கச் சின்ன மீன் வரணும். அதைத் திங்கப் பெரிசு வரணும். அதுவரைக்கும் ஒருத்தனும் இங்க முள்ளு போடக் கூடாது."

"நானுமா?"

"முக்கியமா நீதான்!"

இருவரும் சிரித்தார்கள். ஆனால் ஹாலிஸ் சொன்னது விளையாட்டு இல்லை. மூன்று வருஷத்தில் அவரே அங்கே ஒரு தரம்கூட வீசவில்லை. பக்கத்தில் போகும்போதெல்லாம் கை நமநமக்கும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போய்விடுவார். இந்த ஜூன் மாதம் நடக்கிற பெரிய மீன்பிடிப் போட்டியில்தான் அதைத் திறப்பது என்று முடிவு செய்து வைத்திருந்தார்.

போதாத காலம், மே மாதம் கூரையோரத்து மழைநீர்க் குழாயை அடைத்த இலைகளைத் தள்ள ஏணியில் ஏறி, கீழே விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை. கையை மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

"நான் போகலேன்னா என்ன, நீ போ" என்றார் வெர்லனிடம். "என் படகை எடுத்துக்கோ. பெட்டி, கோல் எல்லாம் அதுலயே இருக்கு. மூங்கிலை மட்டும் விட்டுவை. அடுத்த வருஷம் ரெண்டு பேரும் சேந்து போவோம்."

"சே, அங்க நான் போவேனா?" என்றார் வெர்லன். மனசாரத்தான் சொன்னார். அதில் சந்தேகமே வேண்டாம்.

போட்டியன்று விடிந்ததும் கரையோரப் புல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் மேலேயே துள்ளி ஓடும், மரத்தில் செய்த தவளை இரையை வீசினார். ஒரு மீன் வந்தது. வெயில் ஏறியதும் படகுத்துறைத் தூண்களின் நிழலில் தகடு சுழலும் இரையை இழுத்துப் பார்த்தார். இன்னொன்று. இரண்டும் சுமார்தான். பாறை முனையில், மூழ்கி ஆடி ஆடி வரும், மரத்தில் செய்த மீன் இரையைப் போட்டுப் போட்டுக் கை வலித்ததுதான் மிச்சம். எடைக்கு ஐந்து மீன் கொண்டு போகலாம்; மொத்த எடை கூடினவருக்குப் பரிசு. உச்சி வெயிலில் டப்பா சாசேஜையும் உப்பு பிஸ்கட்டையும் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தபோது, துறையில் பரிசாக நிறுத்தி வைத்திருந்த சிவப்புப் படகு கண்ணுக்குள்ளேயே நின்றது. ஜெயித்தால் தன் படகு. முன்னால் நின்று தானே மிதித்து ஓட்டுகிற படகு.

மூங்கில் சாயாமல் இருக்கிறதா என்று சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தார். மனுஷன் தன்னையே ஏமாற்றிக்கொள்ள எடுத்துக்கொள்கிற நேரம் இருக்கிறதே, அதைவிடக் குறைவான நேரம் வேறு எதற்கும் ஆகாது. கரையில் அடையாளம் வைத்திருந்தபடி, தண்ணீர்த் தொட்டிக்கு நேராக சர்ச் கோபுரமும், சிவப்புக் கூரைக்கு நேராக ஒற்றை மரமும் வரும்வரை படகை நகர்த்தினார். ஆழம் காட்டும் திரையில் மூங்கில் கழிகள் தெரிந்தன. கழிகளுக்கு நடுவே தடித்த கோடுகளாக மீன்கள். அம்மாடி, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிசு!

ஹாலிஸின் பெட்டியைத் திறந்து, ஹாலிஸின் ஊதாப் புழுவை எடுத்துக் கோத்தார். முள்ளின் முனை புழுவுக்குள்ளேயே மறைந்திருந்தால்தான் கழியில் சிக்காது. முன்னால் ஒரு ஈயக்குண்டு. மறைவைத் தாண்டி வீசி, முழுக்க இறங்கவிட்டு, மெதுவாக இழுத்தார். ஈயம் ஒவ்வொரு கழியாக ஏறி இறங்குவது கைக்குத் தெரிந்தது. பிறகு ஒரு சின்னத் தட்டல். கோலைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி, ஓங்கி இழுத்தார். கடித்த நொடியிலேயே மேலே தூக்கிவிட வேண்டும்; விட்டால் மீன் கழியைச் சுற்றித் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும். வெர்லனுக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதல் மீனைப் படகின் மீன்தொட்டிக்குள் போட்டார். போதும், கிளம்பிவிடலாம் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே மறுபடியும் வீசினார்.

கடைசியாக வந்ததுதான் பெரியது. அதோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது மூன்று படகுகள் அந்தப் பக்கமாக வந்து வேகம் குறைத்தன. ஒருத்தன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, குனிந்து தன் திரையில் ஒரு பொத்தானை அழுத்தினான். அவ்வளவுதான். அழுத்தினால் இடம் பதிவாகிவிடும். மூன்று வருஷம் ஒளித்து வைத்தது ஒரு விரலோடு போயிற்று. வெர்லன் அதைக் கண்ணால் பார்த்தார். கையில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. சந்தோஷம் மட்டும் வரவே இல்லை.

சாயங்காலம் எடை போடுகிற இடத்தில் கூட்டம். தண்ணீர் நிறைந்த பையில் மீன்களோடு வெர்லன் மேடையேறினார். தராசு காட்டினதும் ஒரே கைதட்டல். மீன்களை உயிரோடு திரும்ப ஏரியில் விட எடுத்துப் போனார்கள். எல்லாரையும்விடச் சத்தம் போட்டது யார் தெரியுமா? கட்டுப் போட்ட கையோடு வந்திருந்த ஹாலிஸ்தான். இரண்டு கையும் சேர்த்துத் தட்ட முடியாமல், நல்ல கையால் தொடையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க பிடிச்சீங்க?" என்று மைக்கை நீட்டினார்கள்.

"வாயில" என்றார் வெர்லன். எங்கள் ஊரில் எல்லாரும் சொல்கிற பதில்தான். கூட்டம் சிரித்தது. அவர் ஹாலிஸ் பக்கம் பார்க்காமல் மேடையை விட்டு இறங்கினார்.

ஜெயித்தவர்கள் பொய் கண்டுபிடிக்கும் கருவிக்கு உட்கார வேண்டும். பெரிய போட்டிகளில் அது வழக்கம். எடை கூட்ட மீன் வயிற்றில் ஈயத்தைத் திணிக்கிற புண்ணியவான்கள் எல்லா ஏரியிலும் உண்டே!

"இவனுக்கா கருவி?" என்று ஹாலிஸ் கத்தினார். "பாவம்டா, அந்தக் கருவி தூங்கிடும்!"

தூண்டில் கடையின் பின்னறையில் டெம்ப்சி என்கிற ஓய்வு பெற்ற போலீஸ்காரர், வெர்லனின் மார்பிலும் விரலிலும் பட்டையும் கம்பியும் கட்டினார். கேட்கப்போகிற கேள்விகளை முதலில் வாசித்துக் காட்டினார். நடுவில் ஒன்று: உங்களை நம்பினவர்களை நீங்கள் ஏமாற்றியது உண்டா?

"அது வந்து..." என்று வெர்லன் இழுத்தார்.

"காணிக்கைத் தட்டு எடுக்கிற மனுஷன் நீங்க. உங்களுக்கு எதுக்கு இழுவை?" டெம்ப்சி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இல்லைன்னுதானே சொல்லப் போறீங்க?"

"இல்ல" என்றார் வெர்லன், மெதுவாக.

கேள்விகள் ஆரம்பித்தன. இந்த மீன்களை நீங்களே பிடித்தீர்களா? ஆமாம். போட்டி விதி எதையாவது மீறினீர்களா? இல்லை. உங்களை நம்பினவர்களை ஏமாற்றியது உண்டா? இல்லை. காதில் ரத்தம் இரைந்தது. மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தார். மாட்டிக்கொண்டால் தேவலை என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

டெம்ப்சி காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தேறிட்டீங்க! தில்லுமுல்லு பண்ணினவனுக்கு மீன் கேள்வியில ஊசி தூக்கிப் போடும். நல்லவனுக்கு, பாருங்க, அந்த ஏமாத்தின கேள்வியிலதான் தூக்கிப் போடும். எப்பவோ சொன்ன சின்னப் பொய்யை நெனச்சுப் பதறுவான், அதுக்குத்தான் அதை நடுவுல வைக்கிறது. மீன் கேள்வியில நீங்க கல்லு மாதிரி இருந்தீங்க. அதுல என்னடான்னா ஊசி காகிதத்தை விட்டே போகப் பாத்துச்சு. இவ்வளவு சுத்தமான ஆளை நான் பாத்ததே இல்ல சார்."

வெர்லன் அவர் கையைக் குலுக்கினார். செய்த துரோகமே தன்னை யோக்கியன் என்று சாட்சி சொல்லிவிட்டதே என்று உடம்பெல்லாம் கூசியது. வெளியே வந்தபோது சிலர் முதுகில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் அடி மாதிரி விழுந்தது.

ஹாலிஸ் தன் படகு பூட்டின வண்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தார். வண்டி நிறுத்துமிடம் காலியாகிக்கொண்டிருந்தது.

"என்னடா கேட்டாரு டெம்ப்சி?"

"நம்பினவங்களை ஏமாத்தினது உண்டான்னு கேட்டாரு. இல்லைன்னேன். ஊசி எகிறிடுச்சு."

ஹாலிஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். "நீ யாரைடா ஏமாத்தின? டயட்டுன்னு டார்லாகிட்ட சொல்லிட்டு, வழியில பொரிச்ச கோழி தின்னியே, அதுவா?"

பெண்டாட்டி பேரைச் சொல்லியும் வெர்லன் சிரிக்கவில்லை. ஹாலிஸின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. எங்கே பிடித்தாய் என்று எங்கள் ஊரில் நண்பன் நண்பனைக் கேட்க மாட்டான். ஹாலிஸும் அதைக் கேட்கவில்லை.

"எத்தனை அடியில கடிச்சுது?" என்றார்.

எட்டு என்று சொல்லியிருக்கலாம். இருபது என்று சொல்லியிருக்கலாம். ஆழத்தைப் பற்றிப் பொய் சொல்லாத மீன்பிடிக்காரன் பிறக்கவே இல்லை.

"பதினாலு" என்றார் வெர்லன். "மூங்கில் நுனியில."

ஹாலிஸ் ஏரிப் பக்கம் திரும்பினார். 

"பெரிசு?"

"ஆழத்துப் பக்கத்து மூலையில."

"கடைசியா இறக்கினோமே, அந்த வாளியிலயா?"

"ஆமா."

"அங்கதான் நிக்கும்னு நெனச்சேன்!" ஹாலிஸின் முகம் சட்டென்று மலர்ந்தது. "எப்படிக் கடிச்சுது? தட்டுச்சா?"

"தட்டவே இல்ல. நரம்பு மட்டும் பக்கவாட்டுல நகந்துச்சு."

ஹாலிஸ் தலையாட்டினார். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள், நரம்பைப் பிடித்துப் பார்ப்பது போல லேசாக அசைந்தன. திட்டியிருந்தால், ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட வெர்லனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"யாராச்சும் பாத்தாங்களா?"

"மூணு படகு. ஒருத்தன் பொத்தானை அழுத்திட்டான்."

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. ஹாலிஸ் படகு வண்டியின் சக்கரத்து மேல்மூடியில் உட்கார்ந்தார்.

"ஹாலிஸ், அந்தச் சிவப்புப் படகை நீ எடுத்துக்கோ" என்றார் வெர்லன்.  "எனக்கு வேண்டாம். நாளைக்கே உன் பேருக்கு மாத்தித் தரேன். சத்தியமா."

"படகு என்கிட்டதான் இருக்கே" என்றார் ஹாலிஸ். கோபமே இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"அதுல எங்க போறது, வெர்லன்?"